இரண்டாம் பிரேக் நடந்து போன வழி

எங்கள் பகுதியில் கார் வைத்திருப்பவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் ஒருவர்தான். ஆனால் அவர் கார் ஓட்டி நாங்கள் யாரும் பார்த்ததில்லை. எப்போதும் இடப்பக்க இருக்கையில்தான் உட்கார்ந்திருப்பார். வலப்பக்கம் உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருப்பது வேறு யாரோ. அந்தப் பழைய வெள்ளைக் காரில் இடப்பக்கமும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. ஆக்சிலேட்டர் கிடையாது. ஆகவே அவருடைய தொழிலைச் சரியாகச் சொல்வதென்றால், பிறர் ஓட்டும் வண்டியை நிறுத்துவது. அதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. நேரில் அவரை 'மாஸ்டர்' என்போம். முதுகுக்குப் பின்னால் 'இரண்டாம் பிரேக்'. இந்தப் பெயர் அவருக்கும் தெரியும். தெரியாதது போல இருந்துகொள்வார்.

தொழில் காலில் ஊறிவிட்டது. பேருந்தில் உட்கார்ந்தால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் வலது கால் தரையை மிதிக்கும். முடி வெட்டிக்கொள்ளும்போது நாற்காலியைச் சுழற்றினால் மிதிக்கும். திரைப்படத்தில் கதாநாயகன் ஜீப்பில் யாரையாவது துரத்தினால், முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்து, "சார், சீட்டை உதைக்காதீங்க" என்பார். தூக்கத்திலும் கால் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ராத்திரி பூரா என்னை மிதிச்சு நிறுத்திக்கிட்டே இருக்காரு," என்பார் அவர் மனைவி. "நான் எங்க ஓடிப் போயிடுவேன்னு பயமோ, தெரியல."

மனைவியை நாங்கள் மாஸ்டரம்மா என்போம். வெறும் மரியாதைக்காக அல்ல. அவரும் பாதி வாத்தியார்தான். வீட்டின் முன்னறைதான் பள்ளியின் அலுவலகம். சுவரில் சாலைக் குறியீடுகள் அச்சிட்ட பெரிய அட்டை ஒன்று தொங்கும். கையில் துணி அளக்கும் அடிக்கோலை வைத்துக்கொண்டு, எது வளைவு, எது மேடு, எங்கே ஹாரன் அடிக்கக் கூடாது என்று மாஸ்டரம்மா சொல்லித் தருவார். அவர் பாடம் கேட்டவர்கள் எழுத்துத் தேர்வில் தவறியதில்லை. அவர் வாழ்க்கையில் ஒருநாளும் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. ஓட்டாத இரண்டு பேர் சேர்ந்து ஊரையே ஓட்ட வைத்தார்கள்.

மாஸ்டரைப் பற்றி எல்லாரும் சொல்லும் கதை ஒன்று உண்டு. விடியற்காலை வகுப்பு. நாற்சந்தியில் சிவப்பு விளக்கு. நான்கு திசையிலும் ஈ காக்கை இல்லை. ஓட்டிக்கொண்டிருந்த பையன் மெல்லக் கேட்டான்:

"யாருமே இல்லையே மாஸ்டர், போயிடவா?"

"யாருமே இல்லையா? அப்ப நாம ரெண்டு பேரு யாரு?"

பச்சை வரும்வரை நின்றார்கள். பையன் இன்றைக்கு நாலு லாரிக்கு முதலாளி. தன் டிரைவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி அவர்களை வெறுப்பேற்றிக்கொண்டிருக்கிறான்.

சாலை விதியில் இவ்வளவு பக்தி உள்ளவர் கடவுள் விஷயத்தில் லைசென்ஸே எடுக்கவில்லை. எடுக்கும் எண்ணமும் இல்லை. ஊரில் ஓடும் எல்லா வண்டியிலும் முன்கண்ணாடிக்குக் கீழே ஏதாவது ஒரு சாமி இருக்கும். அவர் வண்டியில் அந்த இடத்தில் கண்ணாடி துடைக்கும் துணி இருக்கும். "படத்தை வச்சா ஓட்டறவன் படத்தைப் பார்ப்பான், ரோட்டை யாரு பார்க்கறது?" என்பார். மாஸ்டரம்மாவோ இதற்கு நேர் எதிர். இவருக்கும் சேர்த்து அவரே கும்பிட்டுவிடுவார். வீட்டில் பக்தியின் அளவு சராசரியாகவே இருந்தது.

இந்தச் சராசரி ஒருநாள் குலைந்தது. பயிற்சித் திடலில் ஒரு வங்கிக் காசாளர் எட்டு போட்டுக்கொண்டிருந்தார். எட்டின் இடுப்பில் வண்டி திரும்பும்போது மாஸ்டர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். காசாளர் அதுவரை இரண்டாவது கியரைத் தாண்டியவர் அல்ல. வேறு வழியின்றி அவரே ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார், இரண்டாவது கியரிலேயே, வண்டி கதறக் கதற. வழியில் ஒரு சிவப்பு. தாண்டிவிடத்தான் நினைத்தார். வண்டி நின்றுவிட்டது. நிறுத்தியவர் கண்ணை மூடியிருந்தார். கால் மட்டும் கண்ணைத் திறந்திருந்தது போல.

"மாஸ்டர், காலை எடுங்க! உங்க உயிரு போற நேரம்!"

"உயிரு எங்கயும் போகாது. பச்சை வரட்டும்."

உயிர் போகவில்லை. காசாளர்தான் ஒரு வாரம் வண்டிப் பக்கமே வரவில்லை. ஆனால் மாஸ்டர் உள்ளே படுத்திருந்தபோது ஆஸ்பத்திரி நடையில் மாஸ்டரம்மா ஒரு காரியம் செய்துவிட்டிருந்தார். வீடு திரும்பிய அன்று, தலையணையைச் சரிசெய்தபடியே விஷயத்தைப் போட்டு உடைத்தார்.

"உங்களுக்காக மலைக்கு வேண்டிக்கிட்டேன்."

"சரி, போயிட்டு வா."

"நான் இல்ல. நீங்க. நம்ம வீட்டு வாசல்லேர்ந்து மலை உச்சி வரைக்கும், வண்டி வாகனம் எதுலயும் ஏறாம, நடந்தே வருவீங்கன்னு."

அந்த மலை இருப்பது நான்கைந்து மாவட்டம் தாண்டி. வருடம் முழுவதும் எங்கெங்கிருந்தோ ஜனங்கள் அதற்கு நடந்து போவார்கள். இவர் தெருமுனைக் கடைக்குப் போவதற்கே இன்று வகுப்பு வண்டி எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து அதில் போகிறவர்.

"வேண்டினது நீ. நடக்கறது நானா? கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைச்ச கதையால்ல இருக்கு!"

"என் முட்டி தேய்ஞ்சு போச்சு, அது சாமிக்கே தெரியும். இல்லாத காலை எப்படிங்க வேண்டிக்கறது? வாய் என்னுது, கால் உங்களுது. சேர்ந்தாத்தானே குடும்பம்?"

விதி என்று வந்துவிட்டால் மாஸ்டருக்கு விவரம் வேண்டும். படுத்தபடியே கேட்டார்.

"வழியில தூங்கலாமா?"

"நான் வேண்டிக்கிட்டது உங்க காலை. கண்ணை இல்ல."

"திரும்பி வர்றதும் நடந்தேதானா?"

மாஸ்டரம்மா யோசித்தார். "அதைப் பத்தி நான் எதுவும் சொல்லல. பஸ்ல வாங்க."

அத்தோடு விஷயம் கிடப்பில் போனது. வெயில் குறையட்டும் என்றார். மழை விடட்டும் என்றார். பள்ளிக்கூட விடுமுறை வந்தால், "பிள்ளைங்க வண்டி கத்துக்க வர்ற சமயம்" என்றார். விடுமுறை முடிந்தால் மறுபடி வெயில். டாக்டரே நடக்கச் சொல்லியிருந்தார். திடலை இரண்டு சுற்று சுற்றி அந்தக் கணக்கை முடித்துக்கொண்டார். மாஸ்டரம்மா நச்சரிக்கவில்லை. அடிக்கோலால் அட்டையைத் தட்டும்போது மட்டும் சத்தம் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டது.

இப்படியே வருடங்கள் ஓடியிருக்கும். இந்த முறை சாய்ந்தது மாஸ்டரம்மா. வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னறையில், பாடம் கேட்க வந்தவர்கள் முன்னால் உட்கார்ந்துவிட்டார். பித்தப்பையில் கல். இப்போதே எடுத்துவிட வேண்டும், அடுத்த வலி வந்து சீழ் பிடித்தால் ஆபத்து என்றார் அறுவை மருத்துவர். இளவயதுக்காரர், பொறுமைசாலி. அவருடைய பொறுமைக்கு அன்று நல்ல வேலை.

"வேண்டுதல் பாக்கி இருக்கு டாக்டர். அது முடியாம நான் மயக்க ஊசி போட்டுக்க மாட்டேன்."

"அம்மா, உள்ள இருக்கறது கல்லு. உங்க வேண்டுதலுக்கும் அதுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"ஒரு சம்பந்தமும் இல்ல. அதான் அதை முதல்ல முடிச்சிட்டு இதுக்கு வர்றேங்கறேன். ரெண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது."

மருத்துவர் மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் சுவரைப் பார்த்தார். சுவரில் 'அமைதி காக்கவும்' என்று எழுதியிருந்தது.

வெளியே வந்ததும் மாஸ்டரம்மா கொஞ்சம் தணிந்த குரலில் சொன்னார்: "கண்ணை மூடினப்புறம் நான் எங்க இருப்பேன்னு எனக்கே தெரியாதுங்க. அங்க போய் யாராவது, 'எங்கம்மா உன் புருஷன், வர்றேன்னு சொன்னியே'ன்னு கேட்டா, என்ன பதில் சொல்றது?"

இதற்குத் தர்க்கத்தில் பதில் இருக்கிறது. மாஸ்டர் அதைச் சொல்லவில்லை. "ஷூவுக்குப் புதுக் கயிறு வாங்கணும்" என்றார்.

புறப்பட்ட அன்று காலை தெருவே வாசலில் நின்றது. எல்லாரும் அவரிடம் கற்றவர்கள். ஆகவே எல்லாருக்கும் அவருக்குச் சொல்லித் தர ஏதோ இருந்தது. தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும் என்றார் ஒருவர். குடிக்கவே கூடாது, வாயைக் கொப்பளிக்க மட்டும்தான் என்றார் இன்னொருவர். காசாளர் ஒரு தொப்பி கொண்டுவந்து, "ரெண்டாவது கியர்லயே போங்க மாஸ்டர், அதுதான் பத்திரம்" என்றார். மாஸ்டர் யாரையும் கவனிக்காமல், வாசல்படியில் உட்கார்ந்து ஷூவின் அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தார், டயரில் காற்றுப் பார்ப்பது போல.

இடப்பக்க இருக்கையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மாஸ்டரம்மாவின் தம்பிக்கு. ஸ்கூட்டர் கற்றுத் தந்துகொண்டிருந்த ஆள். இந்த இருக்கைக்காக வெகுநாளாகக் காத்திருந்த முகம் அவனுக்கு; அதை மறைக்கவும் அவனுக்குத் தெரியவில்லை.

"கவலைப்படாதீங்க மாமா. நான் பார்த்துக்கறேன்."

"பார்த்துக்காத மச்சான். மிதி. பார்த்துக்கிட்டு இருந்தவன் எல்லாம் பள்ளத்துல கிடக்கான்."

மாஸ்டரம்மா உள்ளிருந்து துணிப்பையோடு வந்தார். ஒரு கை வயிற்றின் வலப்பக்கத்தை, ஏதோ புடவை மடிப்பைப் பிடிப்பது போல, பிடித்திருந்தது.

"வழியில யாரு கூப்பிட்டாலும் வண்டியில மட்டும் ஏறிடாதீங்க."

"நான் என்ன ஊர் சுத்தவா வண்டியில ஏறறவன்? வாழ்க்கையில வண்டியில ஏறினதே வேலைக்குத்தான்."

இதைச் சொன்னபோது எல்லாரும் சிரித்தோம். எவ்வளவு சரியான வாக்குமூலம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

கிளம்பினார். தெருமுனையில் தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தார். மனைவியைப் பார்க்கிறார் என்று இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவர் பார்த்தது பின்னால் வண்டி வருகிறதா என்று. வலது கையை நன்றாக நீட்டிக் காட்டிவிட்டு, வலப்பக்கம் திரும்பி மறைந்தார்.

ஒரு மனிதன் தன்னை என்னவாக நினைத்துக்கொண்டிருக்கிறான் என்பது நடக்கும்போதுதான் தெரிகிறது. மாஸ்டர் தன்னை ஒரு வாகனமாக நினைத்திருந்தார். பாதசாரி எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி வலப்பக்கம் நடக்க வேண்டும் என்று ஆயிரம் பேருக்குச் சொன்னவர், தான் மட்டும் இடப்பக்கமே போனார். வேகம் குறைக்கும்போது கையை மேலும் கீழும் அசைத்தார். மலைக்குப் போகும் பெண்கள் கூட்டம் ஒன்று பேசிச் சிரித்துக்கொண்டே அவரைத் தாண்டியது. வலப்பக்கமாகத்தான் தாண்டினார்கள் என்பதில் அவருக்குத் திருப்தி. அதில் ஒருத்தி திரும்பி, "ஐயா, கையை நீட்டிக்கிட்டே வராதீங்க, யாராவது காசு போட்டுடப் போறாங்க!" என்றாள். அதற்குப் பிறகு கையை முழுவதும் நீட்டாமல், இடுப்பருகே விரலை மட்டும் காட்டினார்.

கால் தன் வேலையைக் காட்டியது. இத்தனை காலம் மிதித்து நிறுத்தவே பழகிய வலது காலுக்கு, மிதித்தால் உடம்பு முன்னால் போகும் என்ற ஏற்பாடு புரியவே இல்லை. குதிகாலில் கொப்புளம், பெருவிரலில் கொப்புளம். யாத்திரிகர்கள் தங்கும் கூடங்களில் ஆளுக்கு ஒரு மூலையில் உட்கார்ந்து எண்ணெய் தடவிக்கொண்டிருப்பார்கள். பக்தர்கள் காலைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் மலையைப் பற்றிப் பேசினார்கள். மாஸ்டர் மலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் காலைப் பற்றிப் பேசினார். எண்ணெய் எல்லாருக்கும் ஒன்றுதான்.

மாலையில் வீட்டுக்குப் போன் பேசுவார்.

"கால் எப்படி இருக்கு?"

"அதுக்கென்ன, கல்லு மாதிரி இருக்கு. வயிறு?"

"அதுக்கென்ன, அதுவும் அப்படித்தான்."

இருவரும் புளுகினார்கள், புளுகுவது இருவருக்கும் தெரியும். நீண்ட தாம்பத்தியத்தில் இதுவும் ஒரு வகை உண்மை.

வழி பாதிக்கு மேல் கடந்துவிட்டது. ஒரு முற்பகல், ஆற்றுப் பாலத்துக்கு ஏறும் மேட்டில் வண்டிகள் நீளமாக நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. வரிசையின் தலையில் ஒரு சின்ன வேன். பக்கவாட்டில் ரொட்டிப் படம். அது கொஞ்சம் ஏறும், இருமும், அணைந்து, பின்னால் உருளும். பின்னால் நின்ற லாரிக்காரர் கதவைத் திறந்து தொங்கியபடி, "அம்மா, ரொட்டியை இங்கயே வித்துட்டுப் போகப் போறீங்களா?" என்று கத்தினார்.

வேனுக்குள் ஒரு பேக்கரிக்காரம்மா. கணவருக்குக் கை முறிந்து கட்டுப் போட்டிருந்தது. கடைகளுக்கு ரொட்டி போயாக வேண்டும். லைசென்ஸ் வாங்கிக் கொஞ்ச நாளாகப் பூட்டி வைத்திருந்ததை அன்றுதான் வெளியே எடுத்திருந்தார். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது மாஸ்டருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: வண்டி பின்னால் உருள்கிறது, இடப்பக்க இருக்கை காலி.

நடந்து வந்தவர் அப்படியே இடக்கதவைத் திறந்து உட்கார்ந்தார். கதவைச் சாத்தினார்.

"ஹேண்ட் பிரேக்கைப் போடும்மா."

அந்த அம்மா யார், என்ன என்று கேட்கவில்லை. அந்தக் குரலுக்கு அப்படி ஒரு பழக்கம் உண்டு. போட்டார்.

"இப்ப வண்டி எங்கயும் போகாது. மூச்சு விடு. ஹாரன் அடிக்கறவன் அடிக்கட்டும், அவன் பேட்டரி அவன் பாடு. முதல் கியர். கிளட்ச்சைக் கொஞ்சம் கொஞ்சமா விடு. வண்டி மூக்கைத் தூக்குதா? தூக்கும். தூக்கினப்புறம் ஹேண்ட் பிரேக்கை எடு."

வேன் மூக்கைத் தூக்கியது, ஏறியது. பாலத்தின் மேல் காற்று வீசியது. "ரெண்டு மாத்து" என்றார். "கண்ணாடியைப் பாரு. நீ பார்க்க வேண்டியது லாரிக்காரன் மூஞ்சியை இல்ல, லாரியை." அந்த அம்மா அழுதுகொண்டே சிரித்தார். "மூணு. ஆங், அப்படி." பாலம் முடிந்தது. ஒரு வளைவு, மாஸ்டரின் வலது கால் பிரேக் இல்லாத தரையை மிதித்தது. ஒரு பள்ளிக்கூடம், "ஹாரன் அடிக்காத." தோட்டங்கள், ஒரு மர அறுவை ஆலை, ஒரு பெட்ரோல் பங்க் எல்லாம் நல்லபடியாகக் கடந்து போயின. கொப்புளம் வலிக்கவில்லை என்பதைக்கூட அவர் கவனிக்கவில்லை. வெகுநாளுக்குப் பிறகு தன் இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

அடுத்த ஊரின் பெயர்ப்பலகை வந்தது. 'தங்கள் வரவு நல்வரவாகுக' என்றது. மாஸ்டர் அதைப் படித்தார். பிறகு தன் மடியில் இருந்த துணிப்பையைப் பார்த்தார்.

"ஓரமா நிறுத்தும்மா."

"ஏன் சார், தப்பாப் போட்டுட்டேனா?"

"நீ சரியாத்தான் போட்ட. நான்தான் தப்பா ஏறிட்டேன்."

பேக்கரிக்காரம்மாவுக்கு விஷயத்தைச் சொன்னபோது அவர் தன் வாயில் கையை வைத்துக்கொண்டார். மாஸ்டர் சாலையோரம் நின்று வீட்டுக்குப் போன் செய்தார். எடுத்தது மச்சான்.

"மாமா, அக்காவுக்குக் காலையில மறுபடி வலி. இப்பதான் படுத்திருக்கா. டாக்டர் திட்டறாரு. நீங்க எவ்வளவு சீக்கிரம் மேல ஏறுவீங்க?"

மாஸ்டர் நடந்ததைச் சொன்னார். மறுமுனையில் சிரிப்பை அடக்கும் சத்தம்.

"அட, இது ஒரு விஷயமா மாமா! அப்படியே மேல போய்க்கிட்டே இருங்க. யாரு பார்த்தா?"

"நான் பார்த்தேனே."

"உங்களுக்குத்தான் சாமியே கிடையாதே!"

"அதுக்கும் இதுக்கும் என்னடா சம்பந்தம்? அவகிட்ட குடு."

மாஸ்டரம்மா வந்தார். மாஸ்டர் ஒளிக்காமல் சொன்னார்: மேடு, வேன், காலி இருக்கை. மாஸ்டரம்மா கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஒரு நொடி ஒன்றும் கேட்கவில்லை. பிறகு மிகவும் சுறுசுறுப்பான குரலில், "பரவாயில்லைங்க. ஒரு பொண்ணுக்கு உதவி பண்ணத்தானே ஏறினீங்க? சாமி கோவிச்சுக்காது. நீங்க நடங்க, சீக்கிரம் முடிங்க" என்றார்.

நம்புகிறவர் மன்னித்துவிட்டார். இனி நம்பாதவருக்கு என்ன பிரச்சினை இருக்க முடியும்? இருந்தது. அந்த ஒரு நொடி. கற்றுக்கொள்கிறவர்கள் கிளட்ச்சைச் சரியாக மிதிக்காமல் கியர் மாற்றும்போது வண்டிக்குள் ஒரு பல் இன்னொரு பல்லோடு உரசும். வெளியே நிற்பவர்களுக்குக் கேட்காது. பக்கத்தில் உட்கார்ந்து வயதாகிப் போனவர்களுக்குக் கேட்கும். இவள் ஆபரேஷன் மேசையில் படுப்பாள், ஊசி போடுவார்கள், கண்ணை மூடுவதற்கு முன் அந்த வேனை நினைப்பாள். மாஸ்டருக்குச் சாமியைப் பற்றி ஒன்றும் தெரியாது, இது தெரியும்.

ஆனால் அங்கே வலி. வேனில் ஏறிய இடத்துக்குத் திரும்பி நடந்து போய், மறுபடி இவ்வளவு தூரம் நடந்து வந்தால், பொழுது முழுவதும் போய்விடும். சாலையோரத்தில் நின்றுகொண்டே விதியை மனதுக்குள் புரட்டினார்.

"இந்தா," என்றார் போனில், "திரும்பி வர்றதைப் பத்தி நீ ஒண்ணும் வேண்டிக்கலதானே?"

"இல்ல, பஸ்லன்னு... ஏன் கேக்கறீங்க?"

"அப்ப ரிவர்ஸ் கணக்குல வராது."

மாஸ்டரம்மாவுக்குப் புரிந்தது. "வராது," என்றார். இந்த முறை பல் உரசவில்லை.

பேக்கரிக்காரம்மாவே கொண்டுபோய் விட்டார். முதலில் இரண்டு கடைக்கு ரொட்டி இறக்க வேண்டியிருந்தது. மாஸ்டரும் ஒரு தட்டைத் தூக்கினார். வேனை வளைத்துத் திருப்பும்போது, "திரும்பறதுக்கு முன்னால கையைக் காட்டு, விளக்கை நம்பாத" என்றார். வந்த வழியெல்லாம் பின்னால் போயிற்று: பங்க், அறுவை ஆலை, பள்ளிக்கூடம், பாலம். மேட்டின் அடியில், முதலில் ஏறிய இடத்தையும் சற்றுத் தாண்டிப் போய் இறங்கினார். சந்தேகத்துக்கு இடம் வைக்கக் கூடாது.

"நான் தனியா எப்படி சார் இந்த மேட்டை ஏத்துவேன்?"

"காலையில ஏத்தினது யாரு? என் பக்கம் பிரேக்கே கிடையாது, பார்த்தியா?"

அந்த அம்மா அப்போதுதான் குனிந்து பார்த்தார். இடப்பக்கம் வெறும் ரப்பர் விரிப்பு. கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, ஒரு ரொட்டியைத் தாளில் சுற்றிக் கொடுத்தார். வேன் கிளம்பியது. மேட்டின் நடுவில் ஒருமுறை தயங்கியது. கீழே நின்ற மாஸ்டரின் வலது கால் தார்ச்சாலையை மிதித்தது. வேன் மூக்கைத் தூக்கிப் பாலத்துக்கு மேல் போய்விட்டது.

மாஸ்டர் ரொட்டியைப் பையில் வைத்தார். பின்னால் பார்த்தார், வண்டி இல்லை. அதே சாலையில் மறுபடி புறப்பட்டார். இந்த முறை வலப்பக்கமாக, எதிரே வருகிறவர்களைப் பார்த்தபடி. அப்படி மாறச் சொல்லி யாரும் அவரிடம் சொல்லவில்லை. வெளிச்சம் இருக்கும்வரை நடப்பவர் அன்றிலிருந்து வெளிச்சம் போன பிறகும் நடந்தார். கொப்புளங்கள் உடைந்தன. முன்பு தாண்டிப் போன பெண்கள் கூட்டத்தை ஒரு கூடத்தில் பிடித்துவிட்டார். "கையை நீட்டற ஐயா வந்துட்டாரு!" என்று அவர்கள் இடம் விட்டார்கள்.

மலை ஏறினார். உச்சியில் என்ன பார்த்தார், என்ன நினைத்தார் என்று நாங்கள் எவ்வளவு கேட்டும் சொன்னதில்லை. "நல்ல கூட்டம். வரிசை ஒழுங்கா நின்னுச்சு" என்பார். அவரிடமிருந்து ஒரு தலத்துக்கு இதைவிடப் பெரிய பாராட்டு வராது. அங்கிருந்தே போன் செய்தார். அடுத்த போனை மாஸ்டரம்மா மருத்துவருக்குச் செய்தார்.

பேருந்தில் திரும்பினார், வழியெல்லாம் மிதித்தபடி. நேரே ஆஸ்பத்திரி. வலது காலில் கட்டு. அதற்கு ஷூ கொள்ளாமல், பேருந்து நிலையத்துக்கு அழைக்க வந்த மச்சானின் பெரிய செருப்பு. மாஸ்டரம்மா பச்சை அங்கியில், நகைகள் கழற்றப்பட்டு, பள்ளிக்கூடப் பிள்ளை போலக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மாஸ்டர் பையிலிருந்து ரொட்டியை எடுத்தார். அது இதற்குள் செங்கல்லாகியிருந்தது.

"இதை நான் இப்ப சாப்பிடக் கூடாதாம்," என்றார் மாஸ்டரம்மா.

"எப்பவும் சாப்பிட முடியாது. பார்க்கத்தான் கொண்டுவந்தேன்."

மாஸ்டரம்மா ரொட்டியை வாங்கித் தலையணை ஓரம் வைத்துவிட்டுச் சொன்னார்: "அன்னைக்குப் பரவாயில்லைன்னு சொன்னேனே, அது சும்மாங்க."

"தெரியும். கியர் கிறீச்சுன்னுச்சு."

தள்ளுகட்டில் வந்தது. இரண்டு பேர் அவரைப் படுக்கவைத்து நடையில் தள்ளிக்கொண்டு போனார்கள். மாஸ்டர் கூடவே நொண்டி நொண்டி நடந்தார், பழக்கம்போல இடப்பக்கமாக. கோடியில் கண்ணாடிக் கதவு. அதற்கு மேல் ஒரு சிவப்பு விளக்கு. கதவு திறந்தது. கட்டில் நிற்காமல் உள்ளே போகப் பார்த்தது. மாஸ்டரின் வலது கால், கட்டோடும் கடன் செருப்போடும், தரையை அழுத்தி மிதித்தது. ஒரு கை கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது. தள்ளுகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மாஸ்டரம்மா தலையைத் தூக்கி, அவர் முகத்தைப் பார்க்காமல், கீழே பார்த்தார்.

"காலை எடுங்க. நான் போயிட்டு வந்துடறேன்."

மாஸ்டர் மேலே விளக்கைப் பார்த்தார். சிவப்பில் அவர் யாரையும் விட்டதில்லை. காலை எடுத்தார்.